பண்பலை வானொலியில் ஆட்குறைப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தனியார் பண்பலை வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகச் சேர்ந்து, மனிதவளத் துறைக்கு மாறி, பிறகு அந்த வேலையை விட்டு வந்தவன் நான். இப்போது வேலையிழந்த வானொலி ஊழியர்களுக்கு மனு எழுதவும் தொழிலாளர் துறை விசாரணைக்குத் தயாராகவும் உதவுகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆட்களின் பெயரையும் நிறுவனங்களின் பெயரையும் நீக்கிவிட்டேன்.

கோவை ஆர்ஜே: அண்ணா, ஆறு வருடமாக ஒரே நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நேற்று எச்.ஆர். அழைத்து, "ராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் உண்டு, இல்லாவிட்டால் நாங்களே நீக்குவோம், பிறகு எங்கேயும் வேலை கிடைக்காது" என்றார்கள். திங்கள் வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள், தம்பி. அந்த அறை எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் உள்ளே போகும்போதே தாள் அச்சடிக்கப்பட்டு மேசைமேல் இருக்கும். "சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன்" என்று ஒரே வரி. கீழே உங்கள் பெயர், ஊழியர் எண், தேதி எல்லாம் தயார். பேனாவையும் அவர்களே நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவதற்குள் அலுவலக மின்னஞ்சல் முடக்கப்பட்டிருக்கும்.

அந்த ஒரு வரிக்காக ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் தெரியுமா? நிறுவனம் உங்களை அனுப்பினால் அது ஆட்குறைப்பு. தொடர்ந்து ஓராண்டு பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. உங்கள் ஆறு ஆண்டுக்கு 90 நாள், அதாவது மூன்று மாதம். முன்னறிவிப்புக்கு ஒரு மாதம். ஆக நான்கு மாத ஊதியம். பெருந்தன்மையாகச் சொன்ன இரண்டு மாதம் அதில் பாதிதான். நீங்களாக விலகினால் இதில் எதையும் தரவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

ஐந்தாண்டு முடித்துவிட்டதால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) எப்படிப் போனாலும் உங்களுக்கு உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்கிப் பாருங்கள். "பணிக்கொடையும் சேர்த்துத்தான் இரண்டு மாதம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்று இரவே உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எச்.ஆருக்கு எழுதுங்கள்: இன்ன தேதியில், இன்னார் முன்னிலையில், ராஜினாமா செய்யும்படி கேட்டார்கள், எனக்கு விலகும் எண்ணம் இல்லை, பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். பேசி முடித்துக்கொள்வதே நல்லது என்று நினைத்தால், அது உங்கள் உரிமை. ஆனால் கடிதத்தில் "நிறுவனத்தின் ஆட்குறைப்பு முடிவின்படி" என்ற சொற்களும் தொகையும் அது வரும் தேதியும் இருக்கட்டும்.

மதுரை ஆர்ஜே: சார், எனக்கு நியமன ஆணையே கிடையாது. "ஆலோசகர்" என்று ஒப்பந்தம். பி.எஃப். இல்லை, வரி பிடித்துக்கொண்டு தருகிறார்கள். ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். எனக்கும் உரிமை உண்டா?

ஒப்பந்தத்தின் தலைப்பு முடிவைச் சொல்லாது. யார் நேரம் வகுக்கிறார்கள், யாரிடம் விடுப்பு கேட்கிறீர்கள், வேறு இடத்தில் வேலை செய்ய அனுமதி உண்டா, யாருடைய கருவியில் வேலை செய்கிறீர்கள் என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். வாராந்திரப் பணிப் பட்டியல், "நாளை விடுப்பு தர முடியாது" என்று நிகழ்ச்சித் தலைவர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி, வருகைப் பதிவு எல்லாவற்றையும் இப்போதே நகலெடுத்து வையுங்கள். வேலை போன பிறகு இவை கைக்குக் கிடைக்காது.

இன்னொரு தடையும் உண்டு. ஆர்ஜே செய்வது படைப்பு வேலை, அவர் சட்டம் சொல்லும் "தொழிலாளர்" வரையறைக்குள் வரமாட்டார் என்று நிறுவனம் வாதிடும். 1991இல் ஒரு புகையிலை நிறுவன விற்பனை ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படியொரு நோக்கில் தீர்ப்பளித்தது. நிறுவன வழக்கறிஞர்கள் அதைத்தான் எடுத்து வைப்பார்கள். ஆனால் ஆர்ஜே பாட்டுக்கு நடுவே பேசுவதோடு நிறுத்துவதில்லை. மென்பொருளில் பாடல் வரிசை அமைக்கிறார், விளம்பரம் குறித்த நொடியில் ஓடியதா என்று பார்க்கிறார், ஒலித்துண்டு வெட்டுகிறார், நேயர் அழைப்பை எடுக்கிறார். அன்றாடம் செய்யும் இந்தத் தொழில்நுட்ப வேலைகளை மனுவில் விரிவாக எழுதுங்கள். வழக்கின் போக்கே அதில் மாறக்கூடும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவையும் மறந்துவிடாதீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது அது. மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு குறுகியது. நீக்கிய ஆணை கைக்கு வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

சென்னை, விளம்பர விற்பனைப் பிரிவு: தொழிலே படுத்துவிட்டது என்கிறார்கள். உண்மையா, சாக்கா?

நெருக்கடி உண்மைதான். 2000ஆம் ஆண்டு வாக்கில் முதல் கட்ட உரிமங்களை ஏலம் விட்டபோது, ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும் நிலையான கட்டணத்தை வைத்தார்கள். பலரால் தாங்க முடியவில்லை. 2005இல் அதை வருவாயில் 4 சதவீதம் என்று மாற்றிய பிறகுதான் தொழில் மூச்சுவிட்டது. பிறகு 2015இல் மூன்றாம் கட்ட ஏலம். பெருநகர அலைவரிசைகளுக்குப் போட்டி போட்டுப் பணம் கொட்டினார்கள். மொத்த வருவாயில் 4 சதவீதம், அல்லது ஏலத்தில் கட்டிய நுழைவுக் கட்டணத்தில் 2.5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதை ஆண்டுதோறும் கட்ட வேண்டும். லாபத்தின் மேல் வரும் கட்டணம் அல்ல இது. நட்டம் வந்தாலும் கட்டியாக வேண்டும். மறு ஆண்டு நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. உள்ளூர் நகைக்கடையும் துணிக்கடையும்தான் பண்பலையின் முதுகெலும்பு. முதலில் கையைச் சுருக்கியவர்கள் அவர்களே. 2020 ஊரடங்கில் விளம்பரம் அடியோடு நின்றது. திரும்பி வந்தபோது அதில் பெரும்பங்கு கைப்பேசித் திரைக்குப் போய்விட்டது.

சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் தனியார் பண்பலைக்கு அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்புதான் செய்யலாம். ஊருக்கு ஊர் வேறுபட்டு நிற்கக்கூடிய ஒரே சரக்கை விற்கத் தடை. ஆகவே எல்லோரும் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு மோதினார்கள். நாடு முழுக்கப் பரவியிருந்த பிக் எஃப்.எம்.மின் தாய் நிறுவனமே 2023இல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

ஆக, ஆள் குறைக்கக் காரணம் இருக்கலாம். ஆனால் நெருக்கடியில் இருக்கும் நிறுவனங்களை மனத்தில் வைத்தே ஆட்குறைப்புச் சட்டம் எழுதப்பட்டது. "நட்டத்தில் இருக்கிறோம், அதனால் இழப்பீடு தர முடியாது" என்ற வாதத்துக்கு அதில் இடமே இல்லை.

சேலம், ஒலிப் பொறியாளர்: புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளால் எங்களுக்கு லாபமா நட்டமா?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. வேலையிலிருந்து நீக்கினாலும் விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். "அடுத்த மாதச் சுழற்சியில் வரும்" என்று எச்.ஆர். சொன்னால் இந்த விதியைச் சுட்டிக்காட்டுங்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை உண்டு. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுபயிற்சி நிதியாகப் பதினைந்து நாள் ஊதியம் தனி. நட்டம் எது என்றால், பெரிய தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 பேரிலிருந்து 300 ஆக உயர்த்தியது. வானொலி நிலையங்களுக்கு அந்தப் பாதுகாப்பு முன்பும் கிடையாது.

திருநெல்வேலி, நிகழ்ச்சித் தயாரிப்பாளர்: எங்கள் காலை நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு சென்னையில் பதிவு செய்த குரலையே இங்கும் ஓடவிடுகிறார்கள். நால்வருக்கு வேலை போயிற்று. விதி இதை அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது. ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்வதற்கு இருந்த கட்டுப்பாட்டை மூன்றாம் கட்டக் கொள்கை தளர்த்திவிட்டது. அமெரிக்காவில் இது முன்பே நடந்தது. 1996இல் உரிமைக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் கிளியர் சேனல் என்ற நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. 2008இல் பெருங்கடனில் கைமாறியது; 2009 ஜனவரியில் ஒரே நாளில் சுமார் 1,850 பேரை அனுப்பியது. ஐஹார்ட் மீடியா என்று பெயர் மாறி 2018இல் திவால் மனு போட்டது. மேலே செய்த கடனுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

ஊருக்கும் இழப்பு உண்டு. 2002 ஜனவரியில் வட டகோட்டாவின் மைனாட் நகரில் நள்ளிரவுக்குப் பின் ரயில் தடம் புரண்டு அமோனியா கசிந்தது. அந்த ஊரின் வணிக வானொலி நிலையங்கள் ஆறும் கிளியர் சேனல் வசம் இருந்தன. காவல்துறையால் நிலையத்தில் ஒருவரையும் உடனே தொடர்புகொள்ள முடியவில்லை. யார் தவறு என்று பிறகு இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டின. 2023 டிசம்பரில் உங்கள் ஊரும் தூத்துக்குடியும் மூழ்கியதே. எந்தச் சாலை துண்டிக்கப்பட்டது, எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்பதை முந்தைய நாள் சென்னையில் பதிவு செய்த குரலால் சொல்ல முடியாது. உள்ளூர் நிகழ்ச்சிக்குக் குறைந்தபட்ச நேரம் வேண்டும் என்று உரிம விதியிலேயே எழுத வேண்டும். இதை ஊழியர் கோரிக்கையாக மட்டும் வைக்காமல் நேயர் கோரிக்கையாகவும் அமைச்சகத்துக்கு எழுதுங்கள்.

திருச்சி ஆர்ஜே: விலகிய பின் ஆறு மாதம் போட்டி நிலையத்தில் சேரக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. என் இன்ஸ்டாகிராம் கணக்கும் தங்களுடையது என்கிறார்கள், அக்கவுண்ட்டை ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

சேரலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றமும், ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடை செல்லாது என்றே சொன்னது. வேலையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு பொருந்தும்.

நிகழ்ச்சியின் பெயர் நிறுவனத்துடையது, விட்டுவிடுங்கள். உங்கள் சொந்தப் பெயரில், சொந்த எண்ணில் நீங்களே தொடங்கிய கணக்கை ஒப்படைக்கத் தேவையில்லை. நிலையத்தின் மின்னஞ்சலில் தொடங்கியிருந்தால் சிக்கல்தான்.

ஈரோடு, நேயர்: பத்து வருடமாகத் தினமும் கேட்ட குரல் ஒருநாள் திடீரென்று இல்லை. நிலையத்துக்குப் போன் செய்தால் "அவர் விடுப்பில் இருக்கிறார்" என்றார்கள். ஒரு வணக்கம் சொல்லக்கூட விடமாட்டார்களா, ஐயா?

விடமாட்டார்கள். வேலை போனவர் கையில் நேரலை ஒலிவாங்கியைக் கொடுத்தால் எதையாவது கொட்டிவிடுவார் என்று பயம். நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்வரை சொல்லாமல் இருந்து, வந்தவுடன் எச்.ஆர். அறைக்கு அழைத்துப் போவார்கள். எனக்கு இதைவிட வருத்தம் தருவது வேறில்லை. அந்த நேயர்களை நிலையத்துக்குச் சேர்த்துக் கொடுத்ததே அந்தக் குரல்தான். பயமாக இருந்தால் ஐந்து நிமிட விடைபெறலைப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்து ஒலிபரப்பலாமே. அதற்கு ஒரு காசும் செலவில்லை. பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் நிறைவுற்றபோது, நேயர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்கள். ஒரு சேவையை மூடுவதிலேயே அந்த மரியாதை இயலும் என்றால் ஒருவரை அனுப்புவதில் ஏன் இயலாது?

பெயர் வேண்டாம், எச்.ஆர். அதிகாரி: பன்னிரண்டு பெயர் கொண்ட பட்டியலை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் வரவில்லை. முடிந்தவரை கண்ணியமாகச் செய்ய என்ன வழி, சார்?

கேட்டதற்கு நன்றி, அம்மா. முதலில் பட்டியலையே கேள்வி கேளுங்கள். ஒரே வகைப் பணியில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் குறைப்பதுதான் சட்டத்தின் பொது விதி; மாற்றினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். சம்பளம் அதிகம் என்பதற்காக மூத்தவர்களையே பொறுக்கியிருந்தால் எழுத்தில் எதிர்ப்புச் சொல்லுங்கள். மகப்பேறு விடுப்பில் இருப்பவர் பெயர் இருந்தால் உடனே அடியுங்கள். அந்தக் காலத்தில் நீக்குவது சட்டவிரோதம்.

பிறகு, கடிதத்தில் உண்மையை எழுதுங்கள். "செயல்திறன் குறைவு" என்று பொய்க் காரணம் எழுதினால் அடுத்த வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் அது குறுக்கே வந்து நிற்கும். மருத்துவக் காப்பீட்டை ஆண்டு முடியும்வரை நீட்டிக்கக் கேளுங்கள். மொத்தப் பிரீமியம் ஏற்கெனவே கட்டியிருப்பார்கள், பல நேரம் ஒப்புக்கொள்வார்கள். ஒவ்வொரு ஆர்ஜேவுக்கும் அவர் செய்த நிகழ்ச்சிகளில் நல்லவற்றின் ஒலிக்கோப்புகளைக் கொடுத்து அனுப்புங்கள். ஓவியருக்குப் படத்தொகுப்புபோல அவர்களுக்கு அதுதான் அடுத்த வேலை வாங்கித் தரும். சர்வரைத் துடைத்த பிறகு அதை யாராலும் மீட்க முடியாது.

வேலூர், அலுவலக உதவியாளர்: எனக்குச் சம்பளம் பதினெட்டாயிரம். போன மாதம் நிறுத்திவிட்டார்கள். ஆர்ஜேக்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், எங்களுக்கு ஏதாவது உண்டா, ஐயா?

நிச்சயம் உண்டு. நீங்கள் தொழிலாளர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. முதல் பதிலில் சொன்ன ஆட்குறைப்பு இழப்பீடு ஆர்ஜேவைவிட உங்களுக்கு எளிதாகக் கிடைக்கும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருப்பார்கள், சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. கழகத்தின் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில், வேலை இழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி நாள் ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை தருகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறைதான் பெறலாம். சந்தா கட்டிய காலத்துக்கு நிபந்தனை உண்டு. திட்டத்தை அவ்வப்போது நீட்டிப்பதால் இப்போதைய நிலையைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், வேலை நிறுத்தப்பட்டதற்கான ஏதாவது ஒரு தாள், இவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். தாள் எதுவும் தராமல் வாய்வார்த்தையாக அனுப்பியிருந்தால் எனக்கு எழுதுங்கள். நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய பதிவுத் தபாலை நான் எழுதித் தருகிறேன்.