வைரஸ் பாதுகாப்புக்காகக் கணினி உரிமையாளரின் சுதந்திரத்தைக் குறைக்கத்தான் வேண்டுமா?

வைரஸ் தொல்லையில்லாத கணினி வேண்டுமென்றால், விரும்பிய மென்பொருளை நிறுவிக்கொள்ளும் உரிமையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை என்றே உறுதியாக நம்புகிறேன். கடிவாளம் போட வேண்டியது கணினியில் ஓடும் நிரலுக்கு. அதன் உரிமையாளருக்குப் போடுவதைப் பாதுகாப்பு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று தவறாமல் கண்டறியும் நிரலை எழுதவே முடியாது என்பதை கணினி அறிவியலாளர் ஃப்ரெட் கோஹன் 1980களிலேயே நிறுவிவிட்டார். ஆகவே ஆன்ட்டிவைரஸை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதும், அனுமதி பெற்ற நிரல்களை மட்டுமே ஓடவிடும் முறைக்கு நிறுவனங்கள் நகர்வதும் நியாயமே. ஆனால் அந்த அனுமதியை வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

2012இல் மைக்ரோசாஃப்ட் செய்த இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கணினி இயங்கத் தொடங்கும்போதே நம்பகமான டிஜிட்டல் கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி இரண்டிலும் இருந்தது. இன்டெல் வகைச் செயலிகளில் (பிராசசர்) ஓடும் விண்டோஸ் 8 கணினிகளுக்குச் சான்றிதழ் வழங்கியபோது, கணினியின் முன் நேரில் இருக்கும் பயனர் அந்தப் பூட்டைத் திறக்க வழி இருந்தே ஆக வேண்டும் என்று அந்நிறுவனம் விதித்தது. ஏஆர்எம் செயலிகளில் ஓடிய விண்டோஸ் ஆர்டி சாதனங்களிலோ அப்படித் திறக்கவே கூடாது என்று விதித்தது. பிறருடைய வழக்கமான டெஸ்க்டாப் மென்பொருளையும் அவற்றில் நிறுவ முடியவில்லை. முதல் ஏற்பாடு, தொலைவிலிருந்து வரும் வைரஸ் அந்தப் பூட்டைத் தானே திறந்துவிடுவதைக் கடினமாக்கியது. ஏனெனில் கணினியை மறுதொடக்கம் செய்து, விசைப்பலகையைத் தொட்டு அமைப்பை மாற்றுவது வைரஸால் எளிதில் செய்யக்கூடிய காரியமன்று. உரிமையாளருக்கோ அது சில நிமிட வேலைதான். மேக் கணினிகளில் 2015இல் வந்த, இயங்குதளத்தின் முக்கியக் கோப்புகளை நிரல்கள் மாற்றாமல் காக்கும் சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்‌ஷனும் மீட்புப் பயன்முறைக்குச் சென்றால் மட்டுமே நிறுத்த முடிகிற பூட்டு. நான் விரும்பும் வடிவம் இதுவே: இயல்பில் பூட்டியிருக்க வேண்டும், திறப்பதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் சாவி உரிமையாளரிடமே இருக்க வேண்டும்.

தொலைபேசியில் ஏமாற்றுபவர்கள் அந்தப் பூட்டையும் உரிமையாளரின் கையாலேயே திறக்க வைத்துவிடுவார்களே என்ற எதிர்வாதம் வலுவானது. அதனால்தான் ஒரே சொடுக்கில் ‘ஆம்’ என்று சொல்லிவிடும் வசதியை நான் ஆதரிப்பதில்லை. விண்டோஸ் விஸ்டா அடிக்கடி அனுமதி கேட்டுக்கொண்டே இருந்ததால், படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்தும் பழக்கம் பலருக்கு ஏற்பட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் ஆவணங்களையும் படங்களையும் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு நிர்வாகி உரிமைகூடத் தேவையில்லை. நீங்கள் திறக்கக்கூடிய கோப்புகள் எல்லாவற்றையும் நீங்கள் இயக்கிய நிரலும் திறக்கலாம் என்ற பழைய ஏற்பாடே அதற்குப் போதும். ஒவ்வொரு நிரலும் எந்தக் கோப்புறையைத் தொடலாம் என்பதை உரிமையாளரே தீர்மானிக்கும் முறை இதற்குச் சரியான பதில். 2019இல் வெளிவந்த மேக்ஓஎஸ் கேட்டலினா இப்படிக் கேட்கத் தொடங்கியது. விண்டோஸிலும் கோப்புறைப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அதை நாமே இயக்க வேண்டியிருக்கலாம்.

அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையில்லாத கணக்கையே பயன்படுத்துங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்; 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் பயன்படுத்திய ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. கணினியுடன் இணைக்கப்படாத வன்தட்டில் காப்புப்பிரதி இருக்கட்டும். நம்பகம் தெரியாத மென்பொருளைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக இயங்கும் மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களின் கணினியில் அதிகாரப்பூர்வ ஸ்டோரில் கிடைக்கும் மென்பொருளை மட்டுமே நிறுவ முடியும்படி அமைப்பதாக இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நிர்வாகி கடவுச்சொல்லையும் எழுதி அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.