ஜூண்டால பிரசிடென்ட் ஆனா பணத்தை எப்படி பிரிக்கறது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "நாங்க ஏழு பேர் ஜூண்டா விளையாடறோம், நான் பிரசிடென்ட் ஆனா ரெண்டாவது ரவுண்டுக்குள்ள கவுத்துடறாங்க, எங்க தப்பு பண்றேன்?"

தப்பு அனேகமா பட்ஜெட்லதான், அதாவது பிரசிடென்ட் பணத்தை எல்லாருக்கும் பிரிச்சு அதுக்கு ஓட்டு வாங்கற இடத்துல. விளையாடாதவங்களுக்காக சொல்லிடறேன், 1970கள் கடைசியில அமெரிக்காவுல வந்த போர்டு கேம் இது, ஊழல்ல ஊறின ஒரு கற்பனை வாழைப்பழக் குடியரசு, வெளிநாட்டு உதவிப் பணம் வரும், அதை யார் அதிகமா சுவிஸ் பேங்க்ல போடறாங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்க. நாட்டை யாரும் நல்லா ஆளவே வேண்டாம், அதுக்கு பாயின்ட்டே கிடையாது, அந்த நையாண்டிக்காகவே எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

பிரசிடென்ட் 8 பணக் கார்டு எடுப்பார், ஒவ்வொண்ணும் 1, 2 இல்ல 3 மில்லியன், மொத்தம் எவ்வளவுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனா சுத்தி இருக்கறவங்க மனசுல சுமாரா 16ன்னு ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கும். நீங்க மொத்தமா 8 மட்டும் பிரிச்சுக் குடுத்தா பாதியை அமுக்கிட்டீங்கன்னு நினைப்பாங்க, நிஜமாவே 10தான் வந்திருந்தாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அதனால கம்மியா வந்த ரவுண்டுல உங்க பங்கை விட்டுடுங்க. நிறைய வந்த ரவுண்டுல 12, 13 வெளிய விட்டா சந்தேகம் வராது, மிச்சம் சத்தமில்லாம உங்களுக்கு.

அடுத்தது, எல்லாருக்கும் சமமா குடுக்காதீங்க, அங்கதான் முக்காவாசி பேர் மாட்டறாங்க. ஆளுக்கு ரெண்டுன்னு குடுத்தா ஆறு பேருக்கும் அரை வயித்து சாப்பாடு, ஒருத்தருக்கும் உங்களைக் காப்பாத்தணும்னு தோணாது. மத்த ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பதவி இருக்கும், மூணு பிரிகேட் ஜெனரல், நேவி, ஏர் ஃபோர்ஸ் தளபதிகள், உள்நாட்டுப் பாதுகாப்பு மந்திரின்னு. அந்த ஜெனரல்கள்ல ரெண்டு பேரையும் உள்நாட்டுப் பாதுகாப்பு மந்திரியையும் நல்லா கவனிங்க, பட்ஜெட் ஓட்டுல தோத்தாலும் போலீஸை இறக்கி அதை நிறைவேத்தற அதிகாரம் அந்த மந்திரிகிட்டதான் இருக்கு. ஆனா அதை அடிக்கடி செய்ய வைக்காதீங்க, ஏற்கனவே கடுப்புல இருக்கற நேவிக்கும் ஏர் ஃபோர்ஸுக்கும் புரட்சி பண்ண நீங்களே காரணம் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்.

அப்புறம் பேங்க். ஒவ்வொரு ரவுண்டுலயும் எல்லாரும் ஒரு இடத்தை ரகசியமா தேர்ந்தெடுப்பாங்க, நீங்க எங்க இருக்கீங்கன்னு சரியா ஊகிச்சு கொலையாளியை அனுப்பினா உங்க ஆள் காலி. பட்ஜெட் முடிஞ்ச கையோட பேங்குக்குப் போனா கொலையாளி அங்கயே காத்திருப்பான், எல்லாருக்கும் முதல்ல தோணற இடம் அதுதானே, செத்தா கையில இருக்கற பணம் கொன்னவருக்குப் போயிடும். ஒரு ரவுண்டு வீட்லயோ நைட்கிளப்லயோ தங்கிட்டு அடுத்த தடவை போங்க, அதுக்காக ரெண்டு மூணு ரவுண்டு பணத்தை கையில சேர்த்தும் வைக்காதீங்க.

கவுத்துட்டாங்கன்னாலும் வருத்தப்படாதீங்க, இதுல யாரும் அவுட் ஆகறதில்ல, உங்க குடும்பத்துலேர்ந்து அடுத்த ஆள் வருவார், பேங்க்ல போட்ட பணத்தை ஒருத்தரும் தொட முடியாது. நான் பார்த்த நிறைய ஆட்டத்துல ஜெயிச்சது ஒரு தடவை கூட பிரசிடென்ட் ஆகாம வாங்கினதை வாங்கின உடனே பேங்க்ல போட்டுட்டே இருந்தவங்கதான், அதனால அடுத்த தடவை பதவி கைமாறும்போது வேற யாருக்காவது ஓட்டு போட்டுட்டு பக்கத்துல உக்காந்து பாருங்க.