காற்று வலுத்தால் படகு முரண்டு பிடிப்பது ஏன்?

கேள்வி: என்னுடையது ஒரு மீட்டர் நீள ஐஓஎம் (இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்) வகை ரிமோட் பாய்ப்படகு, போட்டிருப்பது ஏ பாய், அதாவது இருப்பதிலேயே பெரிய பாய்த் தொகுப்பு. காற்று கொஞ்சம் ஏறினாலே காற்றுப் பக்கம் திரும்பிவிடுகிறது. சுக்கானை எதிர்ப்பக்கம் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருக்கிறது. பாய்மரத்தை முன்னுக்குச் சாய்க்கலாமா?

பதில்: சாய்க்கலாம், ஆனால் அது கடைசி வைத்தியம். முதலில் பெரிய பாயைப் பாருங்கள். காற்றில் படகைக் கையால் சாய்த்துப் பிடித்து, பின்னாலிருந்து பூம் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கழி) வழியாக மேலே பார்வையை ஓட்டுங்கள். பாயை விறைப்பாக வைக்க உச்சியில் ஒட்டியுள்ள பட்டை பூமுக்கு இணையாக, அல்லது அதைவிடச் சற்று வெளியே திறந்து நிற்க வேண்டும். உள்பக்கம் மடங்கியிருந்தால் பாயின் பின்விளிம்பு இறுகிக் கிடக்கிறது என்று பொருள். அது படகின் பின்பக்கத்தைக் காற்று போகும் திசையில் தள்ளும், முன்பக்கம் காற்றை நோக்கி ஏறும். பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கர் திருகை அரைச் சுற்று தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது முன்பாய். அது அளவுக்கு மீறித் திறந்திருந்தால் படகின் மூக்கைப் பிடித்து வைக்க ஆளில்லை. முன்பாய் பூமின் பின்நுனியிலிருந்து பாய்மரத்தின் மேற்பகுதிக்குப் போகும் மெல்லிய கயிற்றுக்கும் பாயின் பின்விளிம்புக்கும் நடுப்பகுதியில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். நடுத்தரக் காற்றுக்கு 35 முதல் 45 மி.மீ. வரை வைத்துத் தொடங்கலாம். அந்தக் கயிற்றை இறுக்கினால் பாய் திறக்கும், தளர்த்தினால் மூடும். பலர் இதைத் தலைகீழாக நினைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது உண்டு.

இரண்டும் சரியாக இருந்தும் படகு திரும்பினால்தான் பாய்மரத்தைத் தொட வேண்டும். பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பின்கயிற்றைத் தளர்த்தி, முன்னால் இழுத்துப் பிடிக்கும் முன்கயிற்றைச் சுருக்கி, உச்சியை 5 மி.மீ. மட்டும் முன்னால் கொண்டுவந்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரேயடியாகச் சாய்ந்து ஓடுகிறது என்றால் எந்தத் திருகும் உதவாது. அந்தச் சாய்வில் படகின் உடலே அதைத் திருப்பும். அதைவிடச் சிறிய பி பாய்க்கு மாறுங்கள்.

கேள்வி: பின்கயிற்றை இறுக்கியதும் முன்பாயின் வடிவமும் மாறிவிடுகிறதே?

பதில்: மாறத்தான் செய்யும். பின்கயிறு இழுத்தால் முன்கயிறும் விறைக்கிறது. அது முன்பாய் பூமின் முன்நுனியைத் தூக்க, பின்நுனி தாழ்ந்து பின்விளிம்பு இறுகுகிறது. அதே நேரத்தில் பாய்மரம் வளைவதால் பெரிய பாய் தட்டையாகி மேலே திறக்கிறது. அதனால் பின்கயிற்றைத் தொட்டால் இரண்டு பாய்களையும் புதிதாகப் பார்த்தே ஆக வேண்டும். இதற்குப் பயந்து பின்கயிற்றைத் தளர விட்டுவிடாதீர்கள். முன்கயிறு தொய்ந்தால் முன்பாய் தொப்பை போட்டு, எதிர்காற்றில் படகு ஏறவே ஏறாது.

கேள்வி: கரையில் வைத்த அளவு தண்ணீரில் நிற்பதில்லை.

பதில்: கயிற்றைப் பிடிக்கும் துளையிட்ட பிளாஸ்டிக் வில்லை வழுக்குகிறது. கயிறு செய்யும் டைனீமா இழை வழவழப்பானது, வில்லையில் இன்னொரு சுற்று சுற்றுங்கள். முடிச்சின்மேல் ஒரு சொட்டு சூப்பர் குளூ. சரியான இடம் கிடைத்ததும் கயிற்றில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டால், நழுவியது ஒரு பார்வையிலேயே தெரியும்.