சாப்பிட முடியவில்லையா? ஏன் என்று கேட்கும் சீன மொழி

(வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை கேள்விகளெல்லாம் ‘சாப்பிடு’ என்ற ஒரே வினைச்சொல்லைச் சுற்றியே வந்திருக்கின்றன. சொல்லின் பக்கத்தில் இருக்கும் எண் மாண்டரின் (சீனாவின் பொதுமொழி) தொனி: 1 உயரத்தில் நீளும், 2 ஏறும், 3 தாழும், 4 சட்டென இறங்கும். ஒரு சொல் எங்கள் பதிலில் முதலில் வரும் இடத்தில் மட்டும் எண் போட்டிருக்கிறோம். அங்கேயும் எண் இல்லாவிட்டால் அது மெல்லத் தொட்டுவிட்டுப் போகும் அசை.

‘சாப்பிடு’ என்பதற்கு ‘ச்சீ’ என்று சொல்கிறேன். சீனத் தோழிக்குப் புரியவே இல்லை. ஏன்?
– கோவை வாசகி

நாம் முகம் சுளித்துச் சொல்லும் ‘ச்சீ’ வேறு. மாண்டரினில் ச்சீ1 என்றால் ஏழு. சாப்பிடும் சொல்லில் ‘ஈ’ கிடையாது. ‘ழ’ சொல்ல மடிப்பதுபோல நாக்கை மடித்து, நுனியை மேலண்ணத்தில் ஒட்டி, காற்று வெடித்து வரும்படி ‘ச்ச’ சொல்லுங்கள். பிறகு நாக்கை நகர்த்தாமல் குரலை மட்டும் நீட்டுங்கள். உதடு சிரிப்பதுபோல விரிந்தால் ஏழாகிவிடும். வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள், அது அசைய வேண்டும். அசையாவிட்டால் நீங்கள் சொன்னது ஜி1, அதாவது சாறு. தமிழில் இந்த ஒலிக்கு எழுத்து இல்லாததால் இங்கே ‘ச்சி1’ என்று குறிலாக எழுதுகிறோம்.

எழுதுவதற்கு 6 கோடுகள்: இடப்பக்கம் வாயைக் குறிக்கும் சதுரம் 3, வலப்பக்கம் 3. வலப்பக்கத்தில் இன்னொரு கோடு சேர்த்துவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. அந்த வடிவம் காற்றைக் குறிக்கும் எழுத்துக்கு உரியது.

காபி சாப்பிடலாமா என்று கேட்க ச்சி போதுமா?
– சென்னை வாசகர்

போதாது. நமக்குக் காபியும் சோறும் மாத்திரையும் ‘சாப்பிடு’க்குள் அடக்கம். அங்கே காபி, தேநீர், சூப் எல்லாம் ஹ1, அதாவது குடி: ஹ கா1ஃபெய்1, ஹ ச்சா2, ஹ தாங்1. மருந்தில் மட்டும் தமிழருக்கு வசதி. ச்சி யாவ்4 என்றால் மருந்து சாப்பிடு, சொல்லுக்குச் சொல் நம்முடையதேதான். கஷாயமாகக் காய்ச்சியதென்றால் ஹ யாவ் என்பார்கள். கைக்குழந்தை பால் குடிப்பது ச்சி நாய்3. படித்துத் திடுக்கிட வேண்டாம், நாய்3 என்றால் பால்!

நூடுல்ஸ் சாப்பிடுகிறவரும் ‘ச்சி ஃபான்’, அதாவது ‘சோறு சாப்பிடுகிறேன்’ என்கிறாரே?
– சேலம் வாசகி

இட்லி தின்றவரிடமும் ‘சோறு தின்னாச்சா?’ என்று கேட்பதில்லையா, அப்படித்தான். ஃபான்4 சோறும்தான், சாப்பாடும்தான். ச்சி தனியே நிற்கக் கூச்சப்படும் வினை. என்ன சாப்பாடு என்று சொல்ல வேண்டாதபோது ஃபான் துணைக்கு வரும். உணவின் பெயர் வந்ததும் அது விலகிக்கொள்ளும். நூடுல்ஸுக்கு ச்சி மியான்4. ‘ச்சி ஃபான் மியான்’ பிழை.

‘ஒரு மணி நேரம் சாப்பிட்டேன்’ என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள். ‘வோ3 ச்சி ஃபான் யி2 க ஷியாவ்3ஷி2’ தவறு. நேர அளவு வினையை ஒட்டி வர வேண்டும், நடுவில் ஃபான் மறிக்கிறது. அதனால் வினையை மறுபடி சொல்வார்கள்: வோ ச்சி ஃபான் ச்சி ல யி க ஷியாவ்ஷி.

‘சாப்பிட முடியவில்லை’ என்று சொல்ல ‘பு நங் ச்சி’ என்றேன். விருந்து கொடுத்தவர் பதறிப்போய்த் தட்டையே எடுத்துவிட்டார்!
– மதுரை வாசகர்

பு4 நங்2 ச்சி என்றால் ‘சாப்பிடக் கூடாது’. கெட்டுப்போனது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது, மருத்துவர் தடுத்தது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அவர் பதறியதில் நியாயம் இருக்கிறது.

தமிழில் ஒரே ‘முடியலை’யில் எல்லாக் காரணத்தையும் அடக்கிவிடுகிறோம். சீனம் ஏன் முடியவில்லை என்பதை வினையின் வாலிலேயே ஒட்டிவிடும். வயிறு நிறைந்தோ மனசு சரியில்லாமலோ உள்ளே இறங்காவிட்டால் ச்சி பு ஷியா4. ஷியா என்றால் கீழே. தட்டில் இருப்பதைத் தீர்க்க முடியாவிட்டால் ச்சி பு வான்2, அல்லது ச்சி பு லியாவ்3. பழக்கமில்லாத சுவை என்றால் ச்சி பு குவான்4. அந்த ஊரில் கிடைக்கவே கிடைக்காதென்றால் ச்சி பு தாவ்4. விலை கட்டுப்படியாகாவிட்டால் ச்சி பு ச்சீ3. முதல் கேள்வியின் நெடில் ‘ச்சீ’ இங்கே 3ஆம் தொனியோடு வந்துவிட்டது. இவற்றில் நடுவில் நிற்கும் ‘பு’வை அழுத்தாதீர்கள்.

முடியும் என்று சொல்ல, ‘பு’ இருந்த இடத்தில் ‘த’ போடுங்கள். நான்கு தட்டுக்குச் சொல்லிவிட்டு ஐந்தாவதையும் கேட்டால், பரிமாறுபவர் ‘ச்சி த வான் மா?’ என்பார். தீர்த்துவிடுவீர்களா என்கிறார்.

விருந்தில் தவிர்க்க வேண்டியது ச்சி பு குவான். ‘உங்கள் சமையல் எனக்கு ஒத்துவரவில்லை’ என்பதாகிவிடும். வயிறு நிறைந்தால் வோ ச்சி பாவ்3 ல, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு முன் எழுந்தால் ‘நீ3மென் மான்4மான் ச்சி’ சேர்த்துக்கொள்ளுங்கள். ‘மெல்ல மெல்லச் சாப்பிடுங்கள்’ என்று எழுத்தில் இருந்தாலும் வேகத்தைக் கேலி செய்வதில்லை. ‘நீங்க நிதானமா சாப்பிடுங்க’தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைக் கண்டால் ‘நீ ச்சி ஃபான் ல மா?’ என்கிறார். அழைக்கிறாரா?
– பெய்ஜிங்கில் படிக்கும் வாசகி

இல்லை. நம் ‘சாப்டாச்சா?’ போல நலம் விசாரிப்பு, பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி வருவது. ‘நீ’ அங்கேயும் நீதான், தற்செயல் ஒற்றுமை. பெரியவரிடம் நீங்கள் பேசும்போது மரியாதைக்கு நின்2 சொல்லுங்கள்.

சாப்பிட்டிருந்தால் ‘ச்சி ல’. இல்லையென்றால் ‘ஹாய்2 மெய்2 ச்சி’. இங்கே வழக்கமான பிழை, மெய் போட்ட பிறகும் ‘ல’ ஒட்டுவது. ‘மெய் ச்சி ல’ என்று வராது. ‘பு ச்சி’ என்றால் ‘சாப்பிட மாட்டேன்’, அன்பாகக் கேட்டவர் முகத்தில் அடித்ததுபோல் ஆகும். ‘பு ச்சி ல’ என்றால் ‘போதும், இனி வேண்டாம்’.

சைவம் என்று எப்படிச் சொல்வது?
– கும்பகோணம் வாசகி

வோ ச்சி சு4. அதோடு நிறுத்தாதீர்கள். ‘இறைச்சி வேண்டாம்’ (பு ச்சி ரோவ்4) என்றால் மீனும் முட்டையும் வரலாம். பு ச்சி யூ2, பு ச்சி ஜீ1தான்4 இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோஃபு என்றாலே சைவமில்லை: மாபோ தோஃபுவில் வழக்கமாகக் கொத்திய இறைச்சி இருக்கும்.

வினிகர் வேண்டுமா என்று கேட்கப்போய் மேசையே சிரித்தது. ஏன்?
– திருச்சி வாசகர்

‘நீ ச்சி த்சு4 மா?’ என்றிருப்பீர்கள். ச்சி த்சு, வினிகர் சாப்பிடுவது, காதலில் பொறாமைப்படுவதற்கான வழக்கு. ‘யாவ்4 த்சு மா?’ என்று கேட்டிருந்தால் சிரிப்பு வந்திருக்காது. இந்த யாவ் ‘வேண்டும்’. மருந்தோடு ஒலி மட்டும் ஒன்று. ச்சி கு3, கசப்பைச் சாப்பிடுவது, கஷ்டம் தாங்குவது. ச்சி குவெய்1 நஷ்டப்படுவது. ச்சி ஷி2தாங்2 சொல்லளவில் ‘கேன்டீனைச் சாப்பிடு’, அங்கே போய்ச் சாப்பிடுவதுதான். நம்மூர்க் கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கும். அவர்கள் ஊரில் சாப்பிடும்: ச்சி யோவ்2.

இங்கே யாரும் ச்சி சொல்வதில்லை. ‘ஜியா பா புவே?’தான் காதில் விழுகிறது.
– பினாங்கு வாசகர்

அது ஹொக்கியன், மாண்டரின் அல்லாத இன்னொரு சீன மொழி. ‘சாப்பிட்டு வயிறு நிறைந்ததா, இன்னும் இல்லையா?’ என்கிறார்கள். ஹொக்கியனின் ‘ஜியா’வும் ஹாங்காங் பக்கம் பேசும் கன்டோனீஸின் ‘சிக்’கும் ச்சி வழி வந்தவையல்ல, இன்னொரு பழைய சொல். மாண்டரினில் அது தனி வினையாக இல்லாமல் கூட்டுச்சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே கேன்டீனில் பார்த்த ‘ஷி’ அதுதான். உங்கள் ஊர்க் கேள்விக்குப் பதில்: ‘ஜியா பா லியாவ்’.