கடலரிப்பு, தடுப்புச் சுவர், ஆமை, அலையாத்தி: வாசகர் கேள்விகள்

துறைமுகம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் எங்கள் கரை எப்படி அரிக்கும்?

அரிக்கும். அலை பெரும்பாலும் கரைக்குச் சாய்வாகத்தான் வரும், அதனால் ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலைக் கரையோரமாகவே ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போகும். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாலே காலடி மணலை அலை இழுத்துக்கொண்டு போவது தெரியும். துறைமுகத்துக்காக இதற்குக் குறுக்கே கல்லைக் கொட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்துக்கு வரவேண்டியது வராது, ஆனால் அங்கே இருக்கிற மணலை அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் ஓஷன் சிட்டியில் 1933 புயல் உண்டாக்கிய முகத்துவாரத்தைக் கல் தடுப்பு கட்டி நிலைநிறுத்தினார்கள். வடக்கே கரை அகலமானது, தெற்கே அசட்டீக் தீவின் வடமுனை நிலத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. வரைபடத்தைத் திறந்தால் இரண்டு கரையும் ஒரே கோட்டில் இல்லை என்பது தெரியும். அதனால் ஒரு துறைமுகத் திட்டத்தின் பாதிப்பு பற்றி எந்த அறிக்கை வந்தாலும் திட்ட எல்லைக்கு வெளியே எவ்வளவு தூரம் அளந்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கரை அரிக்கிறதா என்று சொல்ல மூன்று மாத அளவீடு போதுமா?

போதாது. அமைதியான பருவத்தில் அகன்று நிற்கிற கரை, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் குறுகிவிடும். எந்த மூன்று மாதம் என்பதைப் பொறுத்து 'வளர்கிறது' என்றும் எழுதலாம், 'அரிக்கிறது' என்றும் எழுதலாம். ஒரு முழு ஆண்டாவது அளக்க வேண்டும், அப்புறம் பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட வேண்டும். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கும். ஆனால் 1980களுக்குப் பிந்தைய படங்களிலும் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர், ஐந்து மீட்டர் அரிப்பை இரண்டு படங்களை வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

தடுப்புச் சுவர் கட்டினால் சரியாகிவிடுமா?

பின்னால் இருக்கும் சாலை தப்பிக்கும், முன்னால் இருக்கும் கடற்கரை பெரும்பாலும் தப்பிக்காது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடி மணலைத் தோண்டும், சுவர் முடிகிற இடத்தில் அரிப்பு இன்னும் கடுமையாகும். முட்டையிட ஏறிவரும் ஆமைக்கும் அந்தக் கல் தாண்ட முடியாத தடை.

விளக்கு போடுவதால் ஆமைக்கு என்ன?

குஞ்சுகள் இரவில் வெளிச்சமான பக்கம்தான் ஓடும். இயற்கையில் அது கடல் பக்கம். விடுதி விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலையில் போய் மடியும், இதைத் தடுப்பது மிகச் சுலபம் என்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது. விளக்கைத் தாழ்த்தி, கடல் பக்கம் மறைத்து, செம்மஞ்சள் நிறத்தில் போடச் சொல்லுங்கள்.

அலையாத்தியை (கழிமுகச் சேற்றில் வளரும் மரங்களை) வெட்டிவிட்டு வேறிடத்தில் நடுகிறார்களாம். சரிதானே?

எங்கே நடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஆள் கிடைக்கிற, இடம் காலியாகத் தெரிகிற சேற்றுத் திட்டில்தான் வழக்கமாக நடுவார்கள். அது பறவைகள் இரை தேடும் இடம், ஓதம் அதிக நேரம் மூழ்கடிப்பதால் கன்றும் அங்கே பிழைக்காது. அடைபட்ட ஓடையைத் திறந்துவிட்டாலே பக்கத்தில் காடு இருந்தால் விதை தானாக மிதந்து வந்து முளைக்கும். எத்தனை கன்று நட்டார்கள் என்ற எண்ணிக்கையை வாங்கிக்கொண்டு வராதீர்கள், ஐந்து ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.