வாசகர் கேள்வி: இன்டராக்ட் இயக்கத்தில் தஞ்சாவூரின் இடம்

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியில் இந்த ஆண்டு இன்டராக்ட் சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். இந்த இயக்கத்தின் தொடக்கக் காலத்தில் தஞ்சாவூருக்கு முக்கிய இடம் உண்டு என்று விழாவில் பேசியவர் சொன்னார். அது உண்மையா? இன்டராக்ட், ரோட்டராக்ட் இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மைதான். அதை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

1905இல் சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி என்ற தொண்டு அமைப்பு, பல பத்தாண்டுகள் தொழிலிலும் வணிகத்திலும் நிலைபெற்ற பெரியவர்களின் சங்கமாகவே இருந்தது. இளைஞர்களுக்கு உதவுவதோடு நில்லாமல் அவர்களையே தொண்டில் ஈடுபடுத்த வேண்டும் என்ற எண்ணம் 1960ஐ ஒட்டி வலுப்பெற்றது. அதன் விளைவாக, 1962 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள மெல்போர்ன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் (ஆஸ்திரேலிய மெல்போர்ன் அன்று) 23 மாணவர்களுடன், ரோட்டரியின் மாணவர் அமைப்பான இன்டராக்டின் முதல் சங்கம் அமைந்தது. அதைத் தொடர்ந்து தஞ்சாவூரில் ஒன்று அமைந்தது; அமெரிக்காவுக்கு வெளியே உருவான முதல் இன்டராக்ட் சங்கம் அதுதான். கடிதம் போய்ச் சேரவே நாள்கணக்கில் ஆன அந்தக் காலத்தில் காவிரிப் படுகையிலுள்ள ஓர் ஊர் இப்படி முன்வந்தது பெரிய செய்தி. 1962இல் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்தவரும் இந்தியரே. கொல்கத்தாவைச் சேர்ந்த நித்தீஷ் லஹரி, அப்பதவிக்கு வந்த முதல் ஆசியர்.

ஓர் ரோட்டரி சங்கத்தின் ஆதரவில்தான் இன்டராக்ட் சங்கம் இயங்க முடியும் என்றாலும், தலைவர், செயலாளர், பொருளாளரை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பணிகளேனும் செய்ய வேண்டும், அவற்றில் ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படுவதாகவும், மற்றொன்று பிற நாட்டு மக்களைப் புரிந்துகொள்ள உதவுவதாகவும் இருக்க வேண்டும். இந்த இயக்கத்தின் உயிரே அந்தத் தேர்தலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பொறுப்பாளர்களை ஆசிரியர்களே நியமித்து, பணிகளையும் அவர்களே முடிவுசெய்து, பிள்ளைகளைப் புகைப்படத்துக்கு மட்டும் நிறுத்தினால் அங்கே இன்டராக்ட் என்ற பெயர்தான் மிஞ்சும். பொறுப்பாளர்களுக்குத் தேர்தல் நடந்ததா, செய்யப்போகும் பணியைக் கூட்டத்தில் பேசித்தான் முடிவெடுத்தார்களா என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

ரோட்டராக்ட் வேறு. இன்டராக்ட் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. ரோட்டராக்ட் 18 வயது நிறைந்தவர்களுக்கானது. அதன் முதல் சங்கம் 1968 மார்ச் 13 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் உருவானது. முன்பு 30 வயதோடு அதிலிருந்து விலக வேண்டியிருந்தது; 2020 ஜூலை முதல் அந்த மேல்வரம்பு நீக்கப்பட்டுவிட்டதால், உங்கள் மகள் கல்லூரிக்குப் போன பிறகும், வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதில் தொடரலாம்.