எது பெஸ்ட்? இலங்கையின் கிழக்கில் இருந்து வந்த வெப்சைட் கேள்விகள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எது பெஸ்ட்?" என்றுதான் முடிகின்றன. யாருடைய கையில் இருக்கும் எந்தப் போனில் உங்கள் தளம் திறக்கப்போகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே சில இடங்களில் உங்களிடமே திருப்பிக் கேட்டிருக்கிறேன், கோவிக்க வேண்டாம்.

அறுகம்பேயில் ஆறு அறையோடு சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துறன். விக்ஸா, வேர்ட்பிரஸ்ஸா? (பொத்துவில்)

இரண்டும் தளம் கட்டும் கருவிகள், ஆறு அறைக்கு இரண்டுமே தாங்கும். விக்ஸில் ஓர் இரவில் பக்கத்தை எழுப்பிவிடலாம், ஆனால் நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போகமுடியாது, திரும்ப முதலில் இருந்து கட்டவேண்டும். வேர்ட்பிரஸ்ஸை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், ஆனால் அப்டேட், பிளகின் என்ற கூடுதல் செருகிகள், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். ஏப்ரல் கடைசியில் இருந்து ஒக்டோபர் வரை சீசன் ஓடும்போது பிளகின் பார்க்க உங்களுக்கு ஏது நேரம்? ஒன்றில் விக்ஸ், இல்லையென்றால் நாலைந்து பிளகினைத் தாண்டாத வேர்ட்பிரஸ். அவ்வளவுதான் என் தீர்ப்பு.

உண்மையில் இதைவிடப் பெரிய பிரச்சினை உங்கள் முகப்புப் படம். அலையில் ஏறும் சர்ஃபர், கெமராவில் இருந்து இறக்கியபடியே, ஆறு எம்பி! அறை தேடுகிறவர் மொனராகலைப் பக்கம் பஸ்ஸில் இருந்துகொண்டு, சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் அதைத் திறப்பார். பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 செக்கனுக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், இந்தப் படத்தோடு அது நடக்காது. ஸ்குவூஷ் என்று பிரவுசரிலேயே ஓடும் இலவசக் கருவி இருக்கிறது. அதில் அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் 200, 300 கேபிக்குள் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. படங்களை ஆறுதலாக ஏற்றும் லேசி லோடிங்கைக் கீழே உள்ள அறைப் படங்களுக்கு மட்டும் போடுங்கள். முகப்புப் படத்துக்கும் சேர்த்துப் போட்டால் அது இன்னும் பிந்தித்தான் வரும்.

ஆள் பிடித்துச் செய்விப்பதென்றால் ஒரேயொரு நிபந்தனை: டொமைன், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகவேண்டும். செய்து தந்த தம்பி கட்டாருக்குப் போனபிறகு பாஸ்வேர்ட் தேடி அலைகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

எங்கள் வாசிகசாலையின் பழைய மலர்களை வெப்சைட்டில் போட்டோம். எங்கள் கம்பியூட்டரில் தமிழாகத் தெரியுது, போனில் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. ஏன் ஐயா? (களுவாஞ்சிகுடி)

மலரை டைப் பண்ணியது பாமினியில், வேறொன்றுமில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிய பழைய எழுத்துரு. நீங்கள் "அம்மா" என்று அடித்தபோது உள்ளே சேமிக்கப்பட்டது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்தும்தான். பாமினி இருக்கும் கம்பியூட்டரில் அது அம்மா, இல்லாத போனில் அந்த ஐந்தும் அப்படியே. கூகுளுக்கும் அது தமிழ் இல்லை, ஆகவே உங்கள் மலரில் உள்ள ஒரு கவிஞரின் பெயரைத் தேடினாலும் பக்கம் வராது.

பாமினியை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபிறகு ஒருவர் இருந்து வாசிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் கந்தலாக்கிவிடும். இன்னொரு நுணுக்கம், இது பலருக்குத் தெரியாது: "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. தளத்தின் தேடல் பெட்டியில் "கொக்கட்டிச்சோலை" என்று அடித்து ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் நோர்மலைஸ் என்ற ஒரே கட்டளை இரண்டையும் ஒன்றாக்கிவிடும், சேமிக்கும்போதும் தேடும்போதும் அதைப் போடும்படி தளம் செய்தவரிடம் சொல்லுங்கள்.

எழுத்துருவுக்குத் தனியாக ஒன்றும் ஏற்றாமலே விடலாம். அன்ரோயிட் போன்களில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் சங்கம் என்று தமிழ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அழகுக்காக வேண்டும் என்றால் முக்த மலர், கட்டமரான் போன்றவை கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிட அதிக இடம் விடுங்கள், நான் எழுத்தின் உயரத்தைப்போல 1.7 மடங்கு வைப்பேன், இல்லையென்றால் மேல்வரியின் உகரக் கொக்கி கீழ்வரியின் விசிறியில் முட்டும். பட்டனில் "பதிவுசெய்துகொள்ளுங்கள்" என்று போடாதீர்கள், சின்னப் போனில் அது பெட்டிக்கு வெளியே நிற்கும். "பதிவு" போதும்.

முகப்பில் தானாக ஓடும் படங்கள் வைக்கலாமா? (ஏறாவூர்)

வேண்டாம். இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. நல்ல ஒன்றைத் தெரிவுசெய்து வையுங்கள்.

அண்ணா, நான் வந்தாறுமூலையில் படிக்கிறன். ஏஐயே வெப்சைட் செய்யுது, இனி ரியாக்ட் படிச்சுப் பிரயோசனம் இருக்கா?

இருக்கிறது தங்கச்சி, ரியாக்ட் ஜாவாஸ்கிரிப்ட்டில் பக்கம் கட்ட உதவும் நூலகம்தான், ஆனால் வரிசையை மாற்றவேண்டும். பழைய யூடியூப் பாடங்களைப் பார்த்து கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற தொடக்கக் கருவியில் தொடங்காதீங்க, அதை 2025 பெப்ரவரியிலேயே ரியாக்ட் குழு கைவிட்டுவிட்டது, இப்போது அதற்குப் பதிலாக வீட் (Vite) அல்லது நெக்ஸ்ட்ஜேஎஸ். அதற்கும் முன்னால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் ஒழுங்காகப் பாருங்க, முக்கியமாகப் பக்கத்தின் தோற்றத்தைப் பார்க்கும் சிஎஸ்எஸ், ஏனென்றால் அது கடந்த சில வருடங்களில் எக்கச்சக்கமாக மாறிவிட்டது. கன்டெய்னர் குவெரி, நெஸ்டிங், ஹேஸ் செலக்டர் என்ற சிஎஸ்எஸ் வசதிகள் மூன்றும் 2023 முடிவதற்குள் எல்லாப் பெரிய பிரவுசருக்கும் வந்துவிட்டன, முன்பு ஜாவாஸ்கிரிப்ட்டில் இருபது வரி எழுதிய வேலை சில இடங்களில் இப்போது ஒரு வரி.

ஏஐ விஷயம். 2025 பெப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் அன்ட்ரே கார்ப்பதி "வைப் கோடிங்" என்று ஒரு பெயர் வைத்தார், நிரலை வாசிக்காமலே சொல்லிச் சொல்லிச் செய்விப்பது. லவபிள், வீ0, கர்சர் போன்ற ஏஐ கருவிகள் எல்லாவற்றிலும் கடைப் பக்கம் ஒன்று தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடும், பெரும்பாலும் அதே ஊதா நிறச் சாய்வோடு! ஆனால் அது தந்த தளத்தில் சிலவேளை இரகசியச் சாவி பிரவுசருக்குப் போகும் நிரலுக்குள்ளேயே கிடக்கும், டேட்டாபேஸ் யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி திறந்திருக்கும். தானாகவும் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கிறவருக்குத்தான் சம்பளம். பட்டனை டிவ் என்ற வெறும் பெட்டியால் செய்து வைத்திருக்கிறதா, கீபோர்டின் டெப் விசையால் படிவம் முழுக்கப் போய்வர முடிகிறதா என்று பாருங்க. இன்டர்வியூவில் இதைப் பற்றிக் கதைத்தால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் 100 எடுக்கவேண்டுமா? கஸ்டமர் அடம்பிடிக்கிறார். (கல்முனை)

தேவையில்லை. பேஜ்ஸ்பீட், தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் கருவி, அந்த இலக்கம் ஒரு சோதனைக் கணினியின் கணிப்பு மட்டும். கூகுள் பார்ப்பது உண்மையான குரோம் பாவனையாளர்களின் 28 நாள் அனுபவத்தை, சின்னத் தளங்களுக்கு அந்தத் தரவே சேர்ந்திருக்காது. 2024 மார்ச்சில் இருந்து எஃப்ஐடி என்ற பழைய அளவை எடுத்துவிட்டு ஐஎன்பி என்ற அளவைச் சேர்த்திருக்கிறார்கள், தட்டினால் 200 மில்லிசெக்கனுக்குள் பக்கம் அசையவேண்டும் என்பது. இந்த ஐஎன்பி அந்த 100 புள்ளிக் கணக்கில் வராது, ஏனென்றால் தட்டுவதற்கு ஆள் வேண்டும். இரண்டு மூன்று வருடப் பழைய மலிவான போன் ஒன்றைக் கஸ்டமரின் கையில் கொடுத்து மெனுவைத் திறக்கச் சொல்லுங்கள், அடம் தானாக அடங்கும்.

மருதமுனைச் சேலை பேஸ்புக்கில் விற்கிறன். வெப்சைட் தேவையா?

நானா, ஓடர் வருகிறதென்றால் அவசரமில்லை. ஆனால் கணக்கு ஒருநாள் முடங்கினால் வாடிக்கையாளர் எங்கே தேடுவார்? ஒரே பக்கம், சொந்த டொமைன், வட்ஸ்அப் பட்டன், இது போதும் இப்போதைக்கு. வங்கி கார்டால் காசு கட்டும் வசதியைப் பிறகு பார்க்கலாம், வங்கி மாற்றும் சாமான் கையில் கிடைத்தபின் காசும் பழகிய வழி. "விலைக்கு இன்பொக்ஸ்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள், விலையைப் போடுங்கள். சேலையைக் கடை டியூப் லைட்டில் எடுத்தால் பச்சை நீலமாகிவிடும், காலை வெளிச்சத்தில் முற்றத்தில் விரித்து எடுங்கள், கரையின் நெசவு தெரிய கிட்டவாக ஒன்றும். படத்துக்குரிய மாற்று விவரத்தில் "படம் 1" என்று எழுதாமல் "மஞ்சள் கரை வைத்த பச்சைக் கைத்தறிச் சேலை" என்று எழுதினால் பார்வையற்றவரின் போனும் வாசிக்கும், கூகுளுக்கும் விளங்கும்.

ரியூசன் பதிவுக்குக் கூகுள் ஃபோம் பாவிக்கலாமா? (அக்கரைப்பற்று)

தாராளமாக. உங்கள் ஃபோமைத் திறந்து பார்த்தேன், பிள்ளையின் பிறந்த திகதி, தாய் தகப்பனின் அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி வரை கேட்கிறது. எதற்கு? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் சேர்க்காதே என்கிறது. பெயர், வகுப்பு, பெற்றோரின் போன் நம்பர், அவ்வளவும் போதும். பதில்கள் சேரும் ஷீட்டின் பகிர்வு, இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அந்த இணைப்பு ஏதாவது ஒரு வட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே கிடக்கும். வகுப்பை விட்டுப்போன பிள்ளைகளின் வரிகளை வருட முடிவில் அழித்துவிடுங்கள்.